உம்மா வெளிநாட்டில், வங்கி அட்டை யார் கையில்?



கொழும்பிலிருந்து இரத்தினபுரி ஊடாக மலையேறி வரும் பெருந்தெரு பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலவுக்குச் செல்கிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இந்தச் சந்தியிலும் இதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கடைத்தெருக்களிலும் குவைத், சவூதி, கட்டார், துபாய் என்று போகாத ஒருவரும் இல்லாத குடும்பங்கள் குறைவு. முஸ்லிம் வீடுகளிலும் இதே நிலைதான், தோட்டத்துத் தமிழ்ச் சகோதரிகளின் லயங்களிலும் இதே நிலைதான்.

பெண் வெளிநாடு செல்வது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அவள் சென்றுவிட்டாள். பிறர் வீட்டில் விடியுமுன் எழுந்து உழைக்கிறாள். அந்த உழைப்பின் கூலி கடல் கடந்து வந்து நம் நாட்டு வங்கியில் அவள் பெயரிலுள்ள கணக்கில் விழுகிறது. கணக்கு அவளுடையது. ஆனால் அதைத் திறக்கும் அட்டையும் இரகசிய இலக்கமும் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் எத்தனையோ குடும்பங்களின் நிம்மதி தொலைந்து போகிறது.

ஒரு குடும்பத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தம்பதியின் பிணக்கைத் தீர்க்கப் பள்ளிவாசலில் கூடினோம். மனைவி ஆறு வருடங்கள் குவைத்தில் இருந்தவர். மாதம் தவறாமல் 35,000 ரூபா அனுப்பியிருந்தார். போகும்போது ஏ.டி.எம். அட்டையைக் கணவரிடம் கொடுத்து, இலக்கத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். மூத்த மகளின் நிக்காஹ்வுக்காக ஊர் திரும்பி வங்கிக்குப் போனபோது கணக்கில் மிஞ்சியிருந்தது 3,200 ரூபா.

ஆறு வருடம் என்றால் 72 மாதங்கள். கூட்டிப் பார்த்தால் 25 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா.

கணவர் குடிகாரரும் அல்லர், சூதாடியும் அல்லர். "கூரை மாற்றினேன், பிள்ளைகளின் டியூசன் காசு கட்டினேன், உம்மாவுக்கு மருந்து எடுத்தேன், தம்பி முச்சக்கர வண்டி வாங்கும்போது கொஞ்சம் கொடுத்தேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு வரி எழுத்திலும் இருக்கவில்லை. மனைவி அழவில்லை. "செலவழித்ததற்கு நான் கணக்குக் கேட்கவில்லை ஹஸ்ரத். மகளின் வாப்பா ஒரு தடவையாவது என்னிடம் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

தம்பிக்குக் கொடுத்ததைத் தவணையாகத் திருப்பித் தருவதென முடிவாயிற்று. குடும்பம் பிரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இந்த மனவருத்தத்தைப் பயணம் போவதற்கு முன் அரை நாள் செலவழித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பெண் உழைத்த பணம் பெண்ணுக்கே உரியது. அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாக ஆலிம்கள் எடுத்துக்காட்டுவர். மனைவி உழைக்கிறாள் என்பதால், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவு செய்யும் கடமை கணவனை விட்டும் நீங்கிவிடுவதில்லை. அவள் மனமுவந்து குடும்பத்துக்குச் செலவிட்டால் அது ஸதகாவாகும். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது பற்றி விசாரித்தபோது, அதற்கு இரட்டைக் கூலி உண்டென நபி (ஸல்) அவர்கள் தெரிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கூலி இரட்டிப்பாவது அவள் விரும்பிக் கொடுப்பதால். கேட்காமல் எடுப்பதற்கு இச்செய்தியை ஆதாரமாக்கலாகாது.

அடுத்தவரின் கணக்கை இயக்குபவர் ஒரு வகீல், அதாவது பொறுப்பேற்றவர். எதற்காக, எவ்வளவுக்கு அனுமதி தரப்பட்டதோ அந்த எல்லைக்குள் மட்டுமே அவர் செயற்படலாம். எல்லை மீறினால் ஈடு செய்யும் பொறுப்பு அவர் மீது விழும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம்.

அன்னை கதீஜா (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும் வணிகச் செல்வி. தாம் வீட்டிலிருந்தபடி, தம் முதலை நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பினார்கள். பங்கு இன்னதென்று முன்கூட்டியே பேசப்பட்டது. பணியாளர் மைஸராவும் உடன் சென்று, நடந்தவற்றைத் திரும்பி வந்து தெரிவித்தார். நபியவர்கள் அப்போதே "அல்அமீன்" என்று பெயர் பெற்றவர்கள். அத்தகையவரிடம் ஒப்படைத்தபோதும் பேச்சு தெளிவாக இருந்தது. நம்பிக்கை இருக்குமிடத்தில் தெளிவு தேவையில்லை என்று எண்ணுவது தவறு. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது: இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். சம்பளம் அதற்கே வரவேண்டும். அதன் அட்டை உங்களுடன் பயணம் செய்யட்டும். மற்றது வீட்டுச் செலவுக்காகக் கணவர் அல்லது உம்மாவின் பெயரில் இருக்கட்டும். அதற்கு அவருக்கே சொந்த அட்டை கிடைக்கும். உங்கள் கணக்கிலிருந்து மாதந்தோறும் குறித்த தொகை வீட்டுக் கணக்குக்குத் தானாகவே மாறும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுக்கலாம். "ஸ்டேண்டிங் ஓடர்" என்று கேட்டால் உத்தியோகத்தர் படிவம் தருவார். இதனால் வீடும் நடக்கும், சேமிப்பும் நிற்கும். யாரையும் சந்தேகப்பட்டதாகவும் ஆகாது.

கூட்டுக் கணக்குத் திறப்பதாயின், "இருவரில் எவரும் எடுக்கலாம்" என்பதும் "இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்" என்பதும் வெவ்வேறு என்பதைக் கவனியுங்கள். வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

இரண்டாவது: பெயரும் அடையாள அட்டை இலக்கமும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாற்றம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம் என்பது மலையகத்தில் சாதாரணம். அங்கிருந்து பணம் அனுப்பும் நிலையம் ஆங்கில எழுத்துக்களை அப்படியே ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பணம் நடுவழியில் நின்றுவிடும். மேலும் 2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டைகளில் 12 இலக்கங்கள் உள்ளன. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. பழைய இலக்கத்தில் திறந்த கணக்காயின் புதியதையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் வங்கியில் பதிந்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது: தொலைபேசி இலக்கம். முன்பு கணக்கின் சாவி கையொப்பமாக இருந்தது. இன்று தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கம்தான் சாவி. எந்த சிம் அட்டைக்கு அந்த இலக்கம் வருகிறதோ அதை வைத்திருப்பவரே கணக்கின் காவலாளி. எனவே உங்கள் பெயரில் உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து எடுத்த சிம் அட்டையையே பதிவு செய்யுங்கள். வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி கிடைக்கும்படி ரோமிங் வசதியைப் போகுமுன் செயற்படுத்துங்கள். இடைக்கிடை சிறு தொகையாவது ரீலோட் செய்யுங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத இலக்கத்தை நிறுவனம் இரத்துச் செய்து வேறொருவருக்கு வழங்கிவிடலாம். அப்போது உங்கள் வங்கிச் செய்திகள் முகந்தெரியாதவருக்குப் போகும்.

நான்காவது: முகவரி. தோட்டத்து லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பல கை மாறியே வருகின்றன. அட்டை காலாவதியாகும்போது புதிய அட்டையைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கிளையிலேயே வைத்திருக்கும்படி கேளுங்கள். காலாவதி மாதமும் வருடமும் அட்டையின் மேலேயே இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய், எஜமானி நல்லவராக இருந்ததால் ஐந்து வருடம் தங்கிவிடுவோர் உண்டு. போகும்போதே காலாவதித் திகதி நெருங்கியிருந்தால் புதிய அட்டை எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

ஐந்தாவது: வெளிநாட்டுப் பாவனை. பல வங்கிகள் பாதுகாப்புக்காக அட்டையை உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வைக்கின்றன. உங்கள் அட்டை வெளிநாட்டு இயந்திரத்தில் வேலை செய்யுமா, ஒரு தடவைக்கு எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் சேர்வதால் அங்கே அதை அன்றாடம் பாவிப்பது நஷ்டம். ஆனால் சம்பளம் தாமதமான வேளையிலோ திடீரென நாடு திரும்ப வேண்டிய வேளையிலோ அது பெரும் துணையாகும்.

ஆறாவது: ஆவணங்களின் பிரதி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது பெரகலவாசிகளுக்கு மறக்காது. நொடிப்பொழுதில் லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிரோடு ஒப்பிட்டால் காகிதம் பெரிதல்ல. ஆனாலும் தப்பியவர்கள் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்போது கணக்கு இலக்கம் கூடத் தெரியாவிட்டால் துன்பம் இரட்டிப்பாகும். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதி உங்களிடம் ஒன்றும், வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் ஒன்றும் இருக்கட்டும்.

அங்கே இருக்கும்போது

சம்பளத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் வளைகுடாவில் குறைந்து வருகிறது. சவூதியில் 2024 ஜூலை முதல் புதிதாக வரும் வீட்டுப் பணியாளர்களின் சம்பளம் இலத்திரனியல் வழியாகச் செலுத்தப்பட வேண்டுமென விதிக்கப்பட்டு, பின்னர் அவ்விதி படிப்படியாக ஏனையோருக்கும் விரிவாக்கப்பட்டது. இது நமக்கு நன்மையே. சம்பளம் கொடுக்கப்படவில்லை என்றால் அதற்குப் பதிவு சாட்சி சொல்லும். ஆனால் அங்குள்ள சம்பள அட்டையையும் எஜமானர் வீட்டார் வைத்துக்கொள்ள இடமளிக்காதீர்கள். பிரச்சினை ஏற்பட்டால் நம் நாட்டுத் தூதரகத்தை நாடுங்கள். ஊரிலுள்ளோர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

"வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் அட்டை தடைப்பட்டுவிட்டது, இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டித்து விடுங்கள். எந்த வங்கியும் இரகசிய இலக்கத்தையோ ஒருமுறை இலக்கத்தையோ கேட்காது. அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்புவதும் ஆபத்து. பின்பக்கத்திலுள்ள மூன்று இலக்கங்கள் தெரிந்தால் அட்டை இல்லாமலே பொருள் வாங்க முயலலாம். அட்டை தொலைந்தால் அழைக்க வேண்டிய வங்கி இலக்கத்தை வேறிடத்தில் எழுதி வையுங்கள். அட்டையின் பின்னால் இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். அட்டையோடு அதுவும் போய்விடும்.

இன்னொரு கண்ணி உண்டு. "உங்கள் கணக்கைக் கொஞ்சம் தாருங்கள், பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருவோம்" என்பார்கள். போதைப் பொருள் பணமும் மோசடிப் பணமும் இப்படித்தான் அப்பாவிகளின் கணக்குகளில் புகுகின்றன. விசாரணை வரும்போது கணக்குக்குரியவரே பதில் சொல்ல வேண்டும். அட்டையை வாடகைக்கு விடுவது நம் பெயரை வாடகைக்கு விடுவதாகும்.

நெடுங்காலம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வகைப்படுத்தும். பத்து வருடங்கள் எவரும் உரிமை கோராவிட்டால் வங்கிச் சட்டத்தின்படி அப்பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் கேட்டுப் பெறலாம். ஆனால் அலைச்சல் அதிகம். எனவே சிறு தொகையாவது கணக்கில் போட்டு எடுத்து வாருங்கள்.

உண்டியல் ஆசை

2021இலும் 2022 தொடக்கத்திலும் வங்கியில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா கிடைத்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். பலர் அந்தப் பக்கம் சாய்ந்தனர். 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2022இல் சுமார் 379 கோடியாக வீழ்ந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன, எனினும் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற காலமும் அதுவே. 2022 மார்ச்சில் நாணய மாற்று விகிதம் தளர்த்தப்பட்டு, மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை எட்டியது. 2024இல் வரவு மீண்டும் சுமார் 657 கோடி டொலராக உயர்ந்தது.

உண்டியலில் பற்றுச்சீட்டு இல்லை, முறையிட இடமில்லை, சட்டத்தின் அனுமதியுமில்லை. வீட்டுக் கணக்கில் முகந்தெரியாதவர் போட்ட பணம் குற்றப் பணமாக இருந்தால் கணக்கே முடக்கப்படலாம்.

டொலர் பெறுமதி மாறுவதைப் பற்றிக் கவலைப்படுவோருக்குச் சட்டபூர்வ வழி ஒன்று உண்டு. முன்னர் என்.ஆர்.எப்.சி. என்று நம் வீடுகளில் அறியப்பட்ட கணக்கு, 2017இன் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வந்தபின் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற பெயரில் உள்ளது. அதில் பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருந்து தேவையானபோது ரூபாவாக்கலாம்.

வட்டி, ஸகாத், வாரிசு

கணக்கு எதுவானாலும் வட்டியின்றி இருக்கப் பாருங்கள். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாக இயங்கத் தொடங்கியது. வேறு பல வங்கிகளும் தனிப் பிரிவு வைத்துள்ளன. அறியாமல் சேர்ந்த வட்டியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து நீங்கிக்கொள்ளும்படி ஆலிம்கள் கூறுவர்.

சேமிப்பு நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் நின்றால் ஸகாத் கடமையாகும். தங்கத்தின் நிஸாப் 85 கிராம், நம் கணக்கில் பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல். வீதம் நூற்றுக்கு இரண்டரை. பணம் இலங்கையிலும் நீங்கள் ரியாதிலும் இருந்தாலும் கடமை உங்களுடையதே. உங்கள் அனுமதியுடன் கணவரோ சகோதரரோ ஊரில் அதை நிறைவேற்றலாம். வருடத்துக்கு ஒரு முறை வங்கிக் கூற்று எடுத்துப் பார்க்க இதுவே போதுமான காரணம்.

கணக்குத் திறக்கும்போது பின்னுரித்தாளர் பெயர் கேட்பார்கள். நிரப்புங்கள். ஆனால் அவர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் அமானிதர் என்பதே பல ஆலிம்களின் கருத்து. பங்கீடு ஃபராயிள் சட்டப்படியே நடக்க வேண்டும். இதை அவரிடம் இப்போதே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

வீட்டிலிருக்கும் சகோதரர்களுக்கும் உம்மாமாருக்கும்

பத்து ரூபாக் கொப்பி ஒன்று போதும் என்று எழுத ஆசை. இன்று அந்த விலைக்குக் கொப்பி இல்லை. எந்த விலையானாலும் ஒன்று வாங்குங்கள். எடுத்த திகதி, தொகை, காரணம் என்று மூன்று நிரல் போடுங்கள். மாத முடிவில் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்புங்கள். வழக்கமான செலவுக்கு மேல் எடுப்பதாயின் முதலில் கேளுங்கள். அவள் மறுக்க மாட்டாள். கேட்டதே அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லச் சூழ்ந்த குறைஷிகளின் அமானிதப் பொருட்களைக் கூட உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரழி) அவர்களை நிறுத்திவிட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளுக்கே அந்தப் பேணுதல் என்றால், பெற்ற பிள்ளையை முத்தமிட்டுப் பிரிந்துபோன மனைவியின் உழைப்புக்கு எவ்வளவு பேணுதல் வேண்டும்!

வங்கியுடன் பிணக்கு ஏற்பட்டால் முதலில் கிளை முகாமையாளரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை பெறுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 இலக்கத்தில் அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். படிவம் நிரப்பத் தெரியாத அயலவர் எந்தச் சமூகத்தவராயினும் நம் வீட்டில் படித்த பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அதுவும் ஸதகாவே.

தூர தேசங்களில் உழைக்கும் நம் சகோதரிகளின் மானத்தையும் பொருளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களது உழைப்பில் பரகத்தையும், அதைக் கையாளும் நம் அனைவரின் உள்ளங்களிலும் அமானத் உணர்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.